மூன்று பேருக்கு ஒரு மேசை

எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் அதை வக்கீல்தான் படிப்பான். மாமா, என் அக்காவின் கணவர், கீழே எங்கள் லாண்டரியிலிருந்து ஒரு குரல் கொடுப்பார். வக்கீல் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி, கடைசிக்கு முந்தின படியில் நின்றுகொண்டு, மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் படிப்பான். மாமா ஈர பெட்ஷீட்டுகளை உதறிக்கொண்டே காது கொடுப்பார். அவருக்கு எண்கள் தெரியும். துணிக்கட்டில் தொங்கும் சீட்டைப் பார்த்து இது எந்த விடுதி, எந்த ஆஸ்பத்திரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுத்து தெரியாது. அதை அவரும் சொல்வதில்லை, நாங்களும் சொல்வதில்லை. "கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டேன், நீயே படி" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

வக்கீல் என் அக்காவின் இரண்டாவது பிள்ளை. பத்து வயது. விடிந்தது என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்கிறவன், அதனால் அந்தப் பெயர். அவனுக்கு மூத்தவள் பெருசு, பதிமூன்று. கடைக்குட்டி பொடி, ஆறு. மூன்று பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறார்கள். இரண்டு வருடமாகப் பாடம் சொல்வது நான், அவர்கள் சித்தி. காலையில் இவர்களுக்குப் பாடம், மதியத்துக்கு மேல் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதனால் மாமா என்னைக் "காலேஜு" என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எந்தப் பாதி எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை ஒரு அதிகாரி வந்து பார்ப்பது வழக்கம். போன வருடம் வந்தவர் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து, மூன்று பேரையும் சேர்த்துவைத்துக் கேள்வி கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். இந்த வருடம் வேறு ஒருவர். ஒவ்வொரு பிள்ளையையும் தனி அறையில், தனியாகப் பார்ப்பாராம். புதிய பக்கம் ஒன்றைப் படிக்கச் சொல்வாராம், எழுதச் சொல்வாராம். இன்னும் மூன்று வாரம்.

வக்கீல் படித்து முடித்ததும் மாமா சொன்னார், "பாஸ்னா படிக்கட்டும். இல்லேன்னா பெருசு கீழ வரட்டும். மடிக்கிற எடத்துல ஆளு இல்ல." சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

மாடிப்படியில் நின்றிருந்த நான் சிரித்தேன். பெருசாவது தேறாமல் போவதாவது. மூன்று பேரில் யாரைப் பற்றிக் கவலைப்பட்டாலும் அவளைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். அப்படி இருந்தேன்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முன்பு கடையில் துணி மடிக்கிற மேசை. ஒரு கால் குட்டை, கீழே ஒரு அட்டையை மடித்துக் கொடுத்திருக்கிறோம். கடைக்குப் புதிது வந்தபோது இதை மேலே ஏற்றினோம். நல்ல நீளம். மூன்று பிள்ளைகளும் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். ஆறு வயதுக்கும் பத்துக்கும் பதிமூன்றுக்கும் தனித்தனியாகப் பாடம் எடுக்க எனக்கு நேரம் கிடையாது. அதனால் ஒரே பாடத்தை மூன்று பேருக்கும் எடுத்தேன். வக்கீல் சத்தமாகப் படிப்பான். பெருசு அதை விளக்குவாள். பொடி அதைப் படமாகப் போடுவாள். வக்கீல் எதையாவது எதிர்த்துக் கேட்பான், பெருசு பதில் சொல்லும்போது அவளுக்கே இன்னும் தெளிவாகும், பொடி இரண்டு பேரையும் பார்த்துக் கற்றுக்கொள்வாள். சண்டை இல்லை, போட்டி இல்லை. இதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை. வீட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை நூலகத்தின் பின்னறையில் கூடுவார்கள். அங்கே என்னை அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். 'வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைச் சேர்ந்து கற்கவைப்பது எப்படி' என்று பேசினேன். மூத்த பிள்ளை சொல்லிக் கொடுப்பதன் மூலம் கற்றுக்கொள்கிறது என்றேன். பெருசை உதாரணம் காட்டினேன். டாக்டர்களும் பேராசிரியர்களும் உட்கார்ந்திருந்த அறை அது. கல்லூரியில் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி புரியாமல் கேட்டதற்காக என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி முகங்கள். அவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்குப் பறந்து வந்தேன்.

கடிதம் வந்த மூன்றாம் நாள் வக்கீலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வக்கீலுக்கே வாய்ப்பூட்டா என்று அக்கா கீழிருந்து கேலி செய்தாள். நான் புத்தகத்தைப் பெருசு பக்கம் தள்ளினேன். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்கிற பாடம். நேற்று வக்கீல் படித்த பக்கத்தை முதலில் ஒருமுறை படி, பிறகு அடுத்த பக்கம் போகலாம் என்றேன்.

அவள் படித்தாள். வக்கீலைவிட அழகாகப் படித்தாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தி. என் கையில் இன்னொரு புத்தகம் இருந்தது, நானும் கூடவே வந்துகொண்டிருந்தேன். பக்கத்தின் கடைசி வாக்கியம் பாதியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போகிறது. நான் தாளைப் புரட்டினேன். அவள் புரட்டவில்லை. குரலும் நிற்கவில்லை. பின்பக்கத்தில் இருந்த மிச்ச வாக்கியத்தை, முன்பக்கத்தின் அடியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

நான் என் புத்தகத்தை மூடினேன்.

"அடுத்த பக்கம் படி" என்றேன்.

தாளைப் புரட்டினாள். பார்த்தாள். வக்கீல் வாயைத் திறந்தான், காற்று வந்தது. மேசைமேல் விரலால் எதையோ வரைந்து காட்டினான். அவள் அவன் விரலையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. கண் எரிகிறது என்றாள்.

பொடி படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள், "அக்கா படிக்க மாட்டா சித்தி. அண்ணன்தான் படிப்பான்." தண்ணீர் ஈரமாக இருக்கும் என்பதுபோலச் சொன்னாள்.

நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பெருசின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதைப் பாராட்டாத நாள் இல்லை. இப்போது வக்கீலின் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் அடித்துத் திருத்திய இடங்களில் எல்லாம் அவளும் அடித்துத் திருத்தியிருந்தாள். பார்த்து வரைந்திருக்கிறாள். இரண்டு வருடம். எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மூன்று பேரும் ஒருபக்கம் ஒட்டி உட்கார்ந்ததை ஒற்றுமை என்று நினைத்தேன்.

நான் நல்லவிதமாகப் பேசினேன் என்று பொய் சொல்லப் போவதில்லை. கத்தினேன். என்னை ஏமாற்றிவிட்டாய், ஊர் முன்னால் என்னை முட்டாளாக்கிவிட்டாய் என்றேன். ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணைப் பார்த்து.

அவள் அழவில்லை. "நான் ஒண்ணும் ஏமாத்தல" என்றாள். "நீ பாடம் சொன்னே, நான் கேட்டேன். கேட்டது எல்லாம் எனக்குத் தெரியும். கேளு, சொல்றேன்."

அதுவும் உண்மைதான். மண் அடுக்குகளின் பெயரைக் கேட்டிருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள்.

வக்கீலைப் பிடித்தேன். குரல் இல்லாத அவன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: *நீ கேட்கவே இல்லையே.* அப்புறம் கீழே இன்னொரு வரி: *அப்பாவிடம் சொல்லாதே.*

மதியம் அலுவலகத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அக்காவிடம் போனேன். அவள் தேய்ப்பு உருளைக்குள் பெட்ஷீட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நீராவியில் முகம் வெந்திருந்தது. சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்குச் சந்தேகம்தான்" என்றாள். "நீ படிச்சவ. நீயே ஒண்ணும் சொல்லல. அப்ப சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

ஓங்கி அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம் அவள் பழைய கதையைச் சொன்னாள். எனக்குப் பாதிதான் தெரியும். பெருசு ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தாள் வந்திருக்கிறது. அப்போது வக்கீலுக்கு ஆறு வயது, அவனால் அவ்வளவு பெரிய தாளைப் படிக்க முடியாது, அக்காவுக்கும் எழுத்து தெரியாது. மாமா யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் பெருசைக் கொண்டுபோய் வக்கீலின் வகுப்பில், அவன் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். முழங்கால் பெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருக்கிறாள். மாமா போய்ச் சண்டை போட்டதற்கு அவர் கையெழுத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள் என்று. சில மாதம் பொறுத்தார். பிறகு ஒருநாள் போய் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாமா பிடிவாதத்தில் பிள்ளைகளை நிறுத்தினார் என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன், அதைச் சொல்லி அவரைக் குத்தியும் இருக்கிறேன்.

அந்த பெஞ்சில்தான் இது தொடங்கியிருக்கிறது. அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் வந்து, ஒரு நீளமான மேசையைப் போட்டு, அதே பெஞ்சை வீட்டிலேயே செய்து கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மூன்று பேரையும் பிரித்தேன். பொடி ஜன்னல் ஓரம். வக்கீல் அடுத்த அறை. பெருசு மட்டும் மேசையில், எதிரே நான். பதினெட்டு நாள் இருக்கிறது, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், போட்டு உருட்டினால் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் அப்படித்தான் படித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

நான்கு நாள். அவளுக்கு ஒரு சொல்கூட ஏறவில்லை. எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும், சேர்த்தால் போய்விடும். நான் விரலை வைக்கும்போது அவள் தோள் இறுகுவது தெரிந்தது. அடுத்த அறையில் வக்கீல் நாற்காலியை உதைத்துக்கொண்டிருந்தான். ஜன்னல் ஓரத்தில் பொடி தன் பாடத்தைத் தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, யாரும் பதில் சொல்லாததால் நிறுத்திவிட்டாள். வீடே ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள் பெருசு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சித்தி, உன் மூஞ்சிய பாத்துட்டே என்னால படிக்க முடியல" என்றாள். "எனக்கும் பொடிக்கும் ஒரே பாடம் போடு."

"பொடி ஆறு வயசு."

"அதான். அவளுக்குத் தெரியலன்னா யாரும் அவளப் பாத்து அப்படி முழிக்கறதில்ல."

பொடியைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தேன். பொடிக்கு அது விளையாட்டு. அக்காவும் தன்னை மாதிரியே தடுமாறுகிறாள் என்பதில் அவளுக்கு வாழ்நாளில் கிடைக்காத சந்தோஷம். இது தெரியலையா உனக்கு, எனக்குத் தெரியுமே என்று நாக்கைத் துருத்துவாள். நான் அப்படிச் செய்திருந்தால் பெருசு செத்திருப்பாள். பொடி செய்தபோது தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள்.

வக்கீல்தான் பாவமாக இருந்தான். குரல் திரும்பிவிட்டது, ஆனால் அதற்கு வேலை இல்லை. அவள் ஒரு சொல்லில் நிற்கும்போதெல்லாம் அவனுக்கு வாய் தானாகத் திறக்கும். நான் முறைப்பேன். மூடிக்கொள்வான். இரண்டு நாள் கழித்து எங்கேயோ காணாமல் போய், கடையிலிருந்து ஒரு கை நிறையத் துணிச் சீட்டுகளை அள்ளி வந்தான். துணிக்கட்டில் கட்டுகிற வெற்றுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதி வீடு முழுக்கத் தொங்கவிட்டான். கதவுக் கைப்பிடியில், குழாயில், பெருசின் தலையணையில்.

முதல் சீட்டை அவள் பத்து நிமிடம் கூட்டிப் பார்த்தாள். பொடி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். *பெருசின் காலுறை நாறுகிறது.*

அவனைத் துரத்திக்கொண்டு கடை வரைக்கும் ஓடினாள். மறுநாள் குழாயில் இன்னொன்று. *பொடி பல் தேய்க்கவில்லை, சாட்சி இருக்கிறது.* அதற்கடுத்த நாள், *சித்திக்குக் கோபம் வந்தால் மூக்கு மட்டும் வீங்கும்.* இதைப் படித்துவிட்டு இருவரும் என் மூக்கைப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து அவள் பதில் எழுதினாள். பிழையும் கோணலுமாக, பார்த்து எழுதாத சொந்த எழுத்து. அச்சடித்த மாதிரி இல்லை. *வக்கீல் பொய் சாட்சி.*

இதெல்லாம் நடந்தும், நான் கனவு காணவில்லை. பதிமூன்று வயதுக்கான பக்கம் அவளுக்கு இன்னும் மலைதான். குட்டி வாக்கியங்களாக இருந்தால் ஒரு பக்கத்தைத் தத்தித்தத்தி முடிப்பாள். அவ்வளவுதான். நாள் போய்க்கொண்டிருந்தது. கீழே மடிக்கிற இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. மாமா அந்த இடத்தை அவளுக்காகவே காலியாக வைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

ஒருநாள் மாமாவிடம் கேட்டே விட்டேன். அவர் விரல் நுனிகளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வருடக்கணக்காக அவர் கைத்தோல் உரிந்துகொண்டே இருக்கும், வேலை முடிந்ததும் எண்ணெய் தடவுவார். அவள் தேறவில்லை என்றால் கீழே கொண்டுவந்துவிடுவேன் என்று எப்படிச் சொல்ல மனது வந்தது என்றேன்.

"தேறலன்னா என்ன பண்ணுவாங்க? மறுபடி சின்னப் பசங்க நடுவுல கொண்டுபோய் உக்காரவெப்பாங்க. இங்கன்னா ஒருத்தனும் சிரிக்க மாட்டான்" என்றார். எண்ணெய்ப் புட்டியை மூடிக்கொண்டே, "காலேஜு, நீ அந்த பெஞ்ச பாக்கல" என்றார்.

பதில் வைத்திருந்தேன். நிறைய வைத்திருந்தேன். சொல்லாமல் மேலே வந்துவிட்டேன். பெருசுக்குப் படிக்க வராது என்பது அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது என்று படியேறும்போதுதான் உறைத்தது. யாரும் சொல்லவில்லை. எழுத்து தெரியாத ஒருவர் எப்படியெல்லாம் சமாளிப்பார் என்று அவருக்கா தெரியாது.

அதிகாரி சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, தோளில் ஒரு பை, அதில் அவரே கொண்டுவந்த புத்தகங்கள். படுக்கையறையில் உட்காரவைத்தோம். முதலில் வக்கீல் போனான், வாதாடிவிட்டு வந்தான். அடுத்து பொடி. அப்புறம் பெருசு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் வக்கீலும் வெளியே சுவரோரம் நின்றோம். கதவு மெல்லியது. அவள் குரல் கேட்டது. ஒரு சொல், இடைவெளி, ஒரு சொல். நடுவில் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். வக்கீல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கதவுக்கு அந்தப்பக்கம் என்ன சொல் என்று அவனுக்கு எப்படித் தெரியும், ஆனாலும் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அவள் அந்தச் சொல்லைத் தாண்டினாள். இன்னும் நான்கைந்து வரி போயிருக்கும். ஒரு வாக்கியம் பாதியில் அறுந்தது. தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மிச்ச வாக்கியம் வந்தது.

நான் வக்கீலின் தலையில் கை வைத்தேன். அவனுக்கு எதற்கென்று புரிந்திருக்காது.

அதிகாரி போகும்போது முகத்தில் எதையும் காட்டவில்லை. அறிக்கை தபாலில் வரும் என்றார்.

நான்காம் நாள் காலை வந்தது. மாமா கீழிருந்து குரல் கொடுத்தார். வக்கீல் இறங்கிப் போய் உறையை வாங்கினான். ஆனால் வழக்கம்போல அங்கேயே நின்று படிக்காமல், உறையைக் கிழித்துக்கொண்டே மேலே ஏறி வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. என்னிடம் நீட்டினான். இரண்டு பக்கத் தாள். முதல் பக்கத்தைப் பார்த்ததும் போதும் என்றாகிவிட்டது.

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "என்னடா போட்டிருக்கு" என்று மாமா கேட்டார்.

வக்கீல் என் காதருகே வந்தான். "பாஸ்னு படிச்சிடட்டுமா சித்தி?"

முடியும். அவன் என்ன படிக்கிறானோ அதுதான் கடிதம். நான் என்ன படித்தாலும் அதுதான் கடிதம். ஒரு வரியை மாற்றினால் பெருசு மேசையிலேயே இருப்பாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். படிக்கத் தெரியாத ஒரு மனிதரைக் கையெழுத்துப் போடவைத்து ஏமாற்றிய பள்ளிக்கூடத்தை அத்தனை திட்டு திட்டிவிட்டு, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பெருசு மேசையிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள்.

"என்னைப் பத்தினதுதானே" என்றாள். இறங்கிப் போனாள்.

கடைசிக்கு முந்தின படியில் நின்றாள். மாமா நிமிர்ந்து பார்த்தார், வக்கீல் எங்கே என்பதுபோல மேலேயும் பார்த்தார். அவள் தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாள். அலுவலகத் தமிழ். அவளுக்குப் பழக்கமே இல்லாத நீளநீளச் சொற்கள். ஒவ்வொன்றையும் துண்டுபோட்டுச் சேர்த்தாள். மாமா கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். துணி போட்டு நடுவில் மெஷினை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"மூத்த... மாணவியின்... வாசிப்புத் திறன்... வயதுக்கு... உரிய அளவில்... இல்லை."

அக்கா உருளையை விட்டுவிட்டு வந்து நின்றாள். பெருசு நிறுத்தவில்லை. வயதுக்கு மிகவும் பின்தங்கியிருக்கிறாள், எழுத்துப் பயிற்சி போதாது, எல்லாவற்றையும் படித்தாள். தன்னைப் பற்றிய ஒவ்வொரு மோசமான வரியையும், விட்டுவிடாமல். தாளைப் புரட்டினாள். பின்பக்கத்தில், அண்மைக் காலத்தில் முயற்சி தெரிகிறது என்று ஒரு வரி. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அதற்குள் முன்னேற்றம் இல்லையென்றால் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி. கீழே தேதி, கையெழுத்து.

மாமா அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு, "வக்கீலு சொல்லிக் குடுத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தியா?" என்றார்.

அவள் தலையாட்டினாள், இல்லை என்று.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். படிக்குக் கீழே வெளுக்கிற மருந்து டப்பா இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும், தீர்ந்தால் அதே மாதிரி இன்னொன்று வரும். அவர் அதைக் காலால் அவள் பக்கம் திருப்பினார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

அவள் குனிந்தாள். சின்ன எழுத்து. படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"வெறும் கையால்... தொட... வேண்டாம். கை... கையுறை அணியவும். தோலில் பட்டால்... தோல்... உரியும்."

மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அக்காவும் தன் கையைப் பார்த்தாள். அந்த டப்பாவை நான் இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நான்கு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். எனக்குப் பட்டம் இருக்கிறது.

மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஆறு மணிக்கு மடிக்க வா" என்றார் கடைசியில். "எட்டு மணிக்கு மாடிக்குப் படிக்கப் போயிடு. ஆறு மாசம் பாக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிமூன்று வயதுப் பெண் காலை ஆறு மணிக்கு எதற்கு மடிக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். வக்கீல் என்னை முந்திக்கொண்டு, எட்டு மணி என்றால் கடைக் கடிகாரமா வீட்டுக் கடிகாரமா, கடைக் கடிகாரம் பத்து நிமிடம் மெதுவாக ஓடுகிறதே என்று தொடங்கினான். மாமா திரும்பி மெஷினைப் போட்டார்.

பெருசு எழுந்திருக்கவில்லை. டப்பாவை மடிக்கு இழுத்துவைத்துக்கொண்டு, மிச்ச வரிகளை மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து பொடி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவில் தனக்குத் தெரிந்த எழுத்துகளைத் தேடத் தொடங்கினாள்.